₹5,840 போச்சு: ஆன்லைன்ல கிளியர் கோட் கிட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

இன்னும் சூடு ஆறல, அந்தச் சூட்டோடயே எழுதறேன். வீட்டுலயே டென்ட் எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசாப் படிங்க. ₹5,840 கொடுத்து வாங்கின சரக்கை ஸ்விஃப்ட்டோட கதவுலயும் ஃபெண்டர்லயும் அடிச்சு ஒரு வாரம் ஆகப்போகுது. கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல பளபளப்புக்கு அடிக்கிற நிறமில்லாத பூச்சு, இன்னும் காயல. விரல் வெச்சா ரேகை பதியுது. நகத்தால கீறினா வெல்லப்பாகு மாதிரி சுருண்டு வருது.

கடை பேரு போடல. ஒரு பெரிய விற்பனைத் தளத்துல, "கலர் கோடு சொல்லுங்க, மிக்ஸ் பண்ணி வீட்டுக்கே அனுப்பறோம்"னு போட்டிருக்கிற விற்பனையாளர். இப்படிப்பட்டவங்க இப்ப நிறைய முளைச்சிருக்காங்க.

நம்ப வெச்சது அவன் கேட்ட கேள்விகள்தான். வண்டி எந்த வருஷம், ஸ்ப்ரே கன்னுல நாசில் (பெயின்ட் வர்ற முனை) 1.3ஆ 1.4ஆ, உங்க ஊர்ல வெயில் எப்படி, வண்டியில கலர் கோடு அச்சடிச்ச தகட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டான். தகட்டைப் பார்த்துட்டு, "இசட்-டூ-எஸ், சில்க்கி சில்வர். இதுல வேரியன்ட், அதாவது சாயல் வித்தியாசம், வரும் அண்ணா, பழைய வண்டின்னா அதுக்கேத்த மாதிரி டின்ட் பண்ணித் தரேன்"னான். கூடவே, "வெயில் ஊருக்கு ஃபாஸ்ட் ஹார்ட்னர் ஆகாது, ஸ்லோ வைக்கிறேன்"னும் சொன்னான். ஹார்ட்னர்னா கிளியர்ல கலந்து அதை இறுக வைக்கிற திரவம். அவன் சொன்னது சரியான பேச்சு. 35 டிகிரி வெயில்ல ஃபாஸ்ட் ஹார்ட்னர் போட்டா கிளியர் பரவி மட்டமாகறதுக்குள்ள இறுகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம், அதான் ஆரஞ்ச் பீல், விழும். இவ்வளவு தெரிஞ்சவன் ஹார்ட்னர்லயே கை வைப்பான்னு யாரு எதிர்பார்ப்பா?

பார்சல்ல அரை லிட்டர் பேஸ் கோட் (கலர்), அரை லிட்டர் பிரைமர் (கலருக்கு அடியில அடிக்கிறது), ஒரு லிட்டர் டூ-கே கிளியர் (ஹார்ட்னர் கலந்தாதான் இறுகற வகை), 500 மில்லி ஹார்ட்னர், தின்னர். கிளியர் டின் கம்பெனி சீலோட வந்துது. ஹார்ட்னர் மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்ல, மேல கடை ஸ்டிக்கர் மட்டும். தயாரிச்சவங்க பேரு இல்ல, மாசம் வருஷம் இல்ல, எம்.ஆர்.பி. இல்ல. உடனே போன் பண்ணிக் கேட்டதுக்கு, "பெரிய டின்ல இருந்து பிரிச்சது அண்ணா, ஒரிஜினல், தைரியமா அடிங்க"ன்னான்.

கீழ் வேலையில குறை சொல்ல ஒண்ணும் இல்ல. டென்ட்டைச் சுத்தி 80 நம்பர் எமரியில தகரம் தெரியிற வரைக்கும் எடுத்து, சுத்தியும் டாலியும் (பின்னால முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டை) வெச்சுத் தட்டி மட்டம் பண்ணியாச்சு. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் பட்டி ஹார்ட்னர் (அது வேற), எங்கயும் 3 மில்லிமீட்டருக்கு மேல கனம் இல்ல. பட்டி ஹார்ட்னர் அளவு மீறினா பிற்பாடு கலர் மேல கறை ஏறி வரும். பட்டியைத் தண்ணி தொடாம 80, 180, 320னு தேய்ச்சு, டூ-கே பிரைமர் 4:1 கலந்து ரெண்டு கோட். அது காய்ஞ்சப்புறம்தான் 600, 800 வாட்டர் பேப்பர். பேஸ் மூணு மெல்லிசு கோட், பளபளப்பு அடங்கி மேட் ஆனதுக்கு அப்புறம்தான் அடுத்தது. கிளியர் ரெண்டு பங்குக்கு ஹார்ட்னர் ஒரு பங்கு (2:1), அளவு கோடு போட்ட கப்புல கலந்தது. கண் மதிப்புல ஊத்தினது இல்ல.

இந்த வெயிலுக்கு டூ-கே கிளியர் ஒரு ராத்திரி தாண்டினா நகம் இறங்காம நிக்கணும். தின்னர்ல நனைச்ச துணியால துடைச்சாலும் கரையக் கூடாது. இங்க துணி பட்டதும் கிளியரோட கலரும் சேர்ந்து வந்துது.

இனிமே அவன் பேச்சைக் கேளுங்க. முதல்ல "கன் பிரஷர் அதிகமா வெச்சிருப்பீங்க"ன்னான். பிரஷர் ஏறினா பரப்பு சொரசொரப்பாகும், கிளியர் பிசுபிசுன்னு நிக்காது. அடுத்து "பட்டியில ஈரம் இருந்திருக்கும்". பட்டியில ஈரம் நின்னா பின்னால கொப்புளம் வரும். அதுவும் ஃபெண்டர்ல பட்டியே தொடாத இடமும் இதே கதிதான். அப்புறம் "கிளைமேட் அண்ணா". அதுக்கப்புறம் வாட்ஸ்ஆப்ல நீல டிக் மட்டும்தான், பதில் இல்ல.

அவனுக்குப் பதில் சொல்லவே ஒரு சோதனை. கண்ணாடித் துண்டுல 10 மில்லி கிளியரும் அவன் ஹார்ட்னர் 5 மில்லியும். பக்கத்துலயே அதே கிளியர், உள்ளூர்க் கடையில சீல் டின்ல வாங்கின 2:1 ஹார்ட்னர். கப்புல ஊத்தும்போதே தெரிஞ்சுது, அவனோடது தண்ணியா ஓடுது. மறுநாள் காலையில உள்ளூர் சரக்கு கெட்டியா நிக்குது, இவனோடது ஒட்டுது. ஹார்ட்னர்ல வேலை செய்யறது ஐசோசயனேட்டுங்கிற ரசாயனம். காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே அது செத்துப் போகும், அதனாலதான் கம்பெனிக்காரன் தகர டின்ல அடைச்சுக் கொடுக்கிறான். திறந்த டின்ல கிடந்ததைப் பிளாஸ்டிக்ல ஊத்தினானோ, தின்னர் கலந்து நீட்டினானோ, கிளியர் இறுக வேண்டிய சத்து அதுல இல்ல.

இந்தச் சோதனையை எடுத்த வீடியோவை அனுப்பினா, தளத்துக்காரங்க "திறந்த கெமிக்கல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, விற்பனையாளரைக் கேளுங்க"ங்கிறாங்க. விற்பனையாளர் "தளத்துல கேளுங்க"ங்கிறான். திறக்காம ஹார்ட்னரை எப்படிய்யா சோதிக்கிறது? ₹5,840ஐ வாங்கிப் போட்டுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் கை காட்டறாங்க.

அந்த ₹5,840 சரக்குக்கான காசு மட்டும்தான். காயாத கிளியர் மேல இன்னொரு கோட் ஏத்த முடியாது, தின்னர் உள்ள இறங்கி சுருங்கித் தூக்கிடும். எமரி போட்டாலும் பேப்பர் அடைச்சுக்கும். தின்னர்ல கழுவி பிரைமர் வரைக்கும் இறங்கி, பேஸ்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். பெயின்ட், தின்னர், பேப்பர், மாஸ்கிங் டேப் எல்லாம் புதுசா.

வாங்கறவங்களுக்கு அவசரமா சில விஷயம், விரிவா எழுத இப்போ மனசு இல்ல. பிரிச்சு ஊத்தின ஹார்ட்னரை வாங்காதீங்க. தயாரிப்பாளர் பேரு, மாசம், வருஷம், அளவு, எம்.ஆர்.பி. அச்சிடாத பாக்கெட்டை விக்கறதே சட்டப்படி தப்பு. பார்சல் பிரிக்கறதை வீடியோ எடுங்க. வண்டியில அடிக்கிறதுக்கு முந்தின நாளே கொஞ்சம் கலந்து கண்ணாடியில ஊத்திப் பாருங்க. கலரையும் ஒரு அட்டையில அடிச்சு வெயில்ல வண்டியோட ஒட்டிப் பாருங்க. தளத்துல குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், 48 மணி நேரத்துல புகாரை ஏத்துக்கிட்டதா பதில் தரணும்; அவருக்கே எழுதுங்க. அசையலன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

இன்னொண்ணு, கிளியர் அடிக்கும்போது துணி மாஸ்க் போடாதீங்க, ஐசோசயனேட்டுக்கு அது பத்தாது, ஆஸ்துமா வரை இழுத்து விடும். சுத்தமான காத்தைக் குழாய்ல கொண்டு வர்ற மாஸ்க்தான் சரியான பாதுகாப்பு; அது இல்லன்னா குறைஞ்சபட்சம் ரசாயன ஆவியை வடிகட்டற ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். கூடவே கையுறை, காத்து நல்லா ஓடற இடம். ஷட்டரை மூடிக்கிட்டு உள்ள நின்னு அடிக்கவே அடிக்காதீங்க.