அப்பாவுக்கு வாங்குன 28 அறை மாத்திரை டப்பா, மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

பாண்டி நேரு வீதி போனப்ப 250 ரூபாய்க்கு வாங்குனது. ஏழு நாளைக்கு ஏழு பட்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு அறை, மூடி மேல மார்ன், நூன், ஈவ், பெட்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அப்பாவுக்கு 71 வயசு, ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சுவலி), கடலூர் மஞ்சக்குப்பம் வீட்ல அவரும் அம்மாவும் மட்டும்தான். அஞ்சு வகை மாத்திரை, போட்டோமா இல்லையான்னு தினமும் ரெண்டு பேருக்கும் சண்டை. டப்பா வந்ததும் அந்த சண்டை அன்னைக்கே நின்னுடுச்சு, அறை காலியா இருந்தா போட்டாச்சு, அவ்ளோதான்.

ஆனா இதுக்கு காலை மதியம்தான் தெரியும், மணி தெரியாது, அதுல நாங்க நல்லா அடிபட்டோம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வராம இருக்க ரத்தக்குழாய விரிக்கிற ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 எம்ஜி ரெண்டு வேளை. சீட்டுல 1-0-1னு இருந்துச்சு, நானும் காலையில 8 மணிக்கு ஒண்ணு ராத்திரி 8 மணிக்கு ஒண்ணுன்னு ரொப்பி வச்சேன். முதல் வாரம் ஒரே தலைவலி, ஆனா நெஞ்சு லேசா இருக்குன்னாரு. அப்புறம் தலைவலி போச்சு, கூடவே மருந்து கேக்குறதும் போச்சு, பழையபடி நெஞ்சு இறுக்கம். கெடிலம் பாலம் வரைக்கும் நடந்த மனுஷன் கேட்டைத் தாண்டாம திரும்பி வந்தாரு, சாயங்காலம் எந்த விசேஷம்னாலும் "நீங்க போயிட்டு வாங்க"ன்னு படுத்துப்பாரு.

திருப்பாதிரிப்புலியூர்ல மாத்திரை வாங்கப் போனப்ப மெடிக்கல்ல இருந்த தம்பிதான் கேட்டாரு, "ரெண்டாவது மாத்திரை எத்தனை மணிக்குக்கா போடுறாரு?" ராத்திரி 8ன்னேன். "இது பொதுவா 7 மணி நேரம் விட்டுப் போடுறதுக்கா, எதுக்கும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க"ன்னாரு. கேட்டோம். காலை 8, மதியம் 3ன்னு டாக்டர் மாத்தி எழுதுனாரு. இந்த நைட்ரேட் மருந்து நாள் முழுக்க ரத்தத்துல இருந்துட்டே இருந்தா உடம்பு பழகிடுமாம், அப்புறம் ரத்தக்குழாய் சரியா விரியாதாம், அதனால ராத்திரியில சில மணி நேரம் மருந்து இல்லாம விடணும்னு சொன்னாரு. இதே வகை மருந்த தோல்ல பேட்சா ஒட்டுறவங்கள ராத்திரி கழட்டச் சொல்றதும் இதுக்குத்தான். அப்பாவுக்கு அந்த நேரத்துக்கு மெட்டோப்ரோலால்னு இதயத் துடிப்பக் குறைக்கிற மாத்திரை துணைக்கு இருக்கு. தயவுசெஞ்சு இத படிச்சிட்டு நீங்களா மணிய மாத்தாதீங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

3 மணி அப்பா தூங்குற நேரம். நூன் மூடி ஏழுலயும் செவப்பு நெயில் பாலிஷ்ல பெருசா 3ன்னு எழுதிட்டேன், போன்ல அலாரம். இப்போ அலாரம் அடிக்கும், மூடி டக்குனு தொறக்குற சத்தம் கேக்கும், அம்மா சமையக்கட்டுல இருந்தே "போட்டாச்சா"ன்னு கேக்குறதையும் விட்டுட்டாங்க. ஒரு பத்து பன்னெண்டு நாள் கழிச்சு அவரே சில்வர் பீச்சுக்குப் போலாமான்னு கேட்டாரு. மெதுவாத்தான் நடந்தாரு, நடுவுல ரெண்டு தடவை உக்காந்தாரு, ஆனா நெஞ்சப் பிடிக்கல, சுண்டல் வாங்கி சாப்ட்டுட்டு வந்தோம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வெளியூர் போனா அன்னைய பட்டைய மட்டும் கழட்டி சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கலாம், இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். வலி வந்தா உடனே போடுற சார்பிட்ரேட் 5 எம்ஜி மாத்திரைய மட்டும் டப்பாவுல போடாதீங்க, அது ஸ்ட்ரிப்போட எப்பவும் கைக்கிட்ட இருக்கணும். வலி வந்தா உக்காந்துட்டு நாக்குக்கு அடியில, 5 நிமிஷத்துல அடங்கலன்னா 108.

குறைன்னா மூடி ரொம்ப டைட், அப்பா வெரலுக்கு முதல்ல ஒத்து வரல, இப்போ வியாழக்கிழமை பட்டையில ஒரு மூடி லூஸாகி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கோம். 5க்கு 4 குடுப்பேன். அடுத்தது வாங்குறப்ப மூடியில ஒண்ணும் எழுதாத டப்பாவா பாத்து வாங்கணும், மணிய நானே எழுதிக்குவேன்.