பினாங்கு மழைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும் சைட் ஸ்டெப் எது?

பிக்கப்பில் கால் வைத்து ஏறக் கதவடியில் மாட்டும் பலகைதான் சைட் ஸ்டெப். அதை வாங்கப் போனால் கண் முதலில் பலகையின் பளபளப்பில்தான் விழும். ஆனால் காசு போய்ச் சேரவேண்டிய இடம் அடியில் இருந்து அதை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட். கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அதை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்.

நான்கு கதவுள்ள டபுள் கேப் வண்டிக்கு ஒரு பக்கம் மூன்று பிராக்கெட்டாவது வேண்டும். இரண்டே பிராக்கெட்டில் நிற்கும் மலிவு செட்டில், பின்கதவுப் பக்கம் ஆள் ஏறும்போதெல்லாம் முனை தாழும். தாழத் தாழ போல்ட் தளரும். கடையில் மாட்டி வைத்த வண்டி இருந்தால், பருமனான ஒருவரை அந்த முனையில் ஏற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாவற்றிலும் கேபின், சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பாலிக் புலாவ் மலைவளைவில் இரண்டும் தனித்தனியே அசையும். ஒரு முனையைக் கேபினிலும் மறுமுனையைச் சேசிஸிலும் இறுக்கும் செட்டில் முதலில் கிரீச் சத்தம் வரும், பிறகு வெல்டிங்கில் விரிசல் விழும். ஏதாவது ஒன்றில் மட்டும் பிடிக்கும் செட்டாகப் பாருங்கள். மாடலையும் ஆண்டையும் சரியாகச் சொல்லுங்கள்: பழைய ஹைலக்ஸ் விகோவுக்கு வந்த பிராக்கெட், அதற்குப் பின் வந்த ஹைலக்ஸ் ரேவோவுக்குச் சேராது. "கொஞ்சம் துளை போட்டால் சரியாகிவிடும்" என்று பட்டறையில் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். கேபின் அடித்தகட்டில் போட்ட துளையின் வெட்டு விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும்.

அடுத்தது உலோகம். மூன்று அங்குல உருண்டை ஸ்டெயின்லெஸ் குழாய் பார்க்க அழகு, மழையில் ஆபத்து. ஈரச் செருப்போடு, ஒரு கையில் சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி ஏறும் பாட்டிக்கு அதில் ஊன்ற இடமே இல்லை. காலடியில் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டை மட்டும்தான் பிடிப்பு. ஸ்டெயின்லெஸ் என்றாலும் 304, 201 என்று தரம் உண்டு. 201-இல் நிக்கல் குறைவு, கடற்காற்றில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலும் சரியாக ஒட்டாது. தரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பவுடர் கோட்டிங் என்ற பொடிப் பூச்சு போட்ட இரும்புக் குழாய் உறுதியானது. ஆனால் அது உள்ளிருந்து துருப்பிடித்து அழுகும். முனை மூடி வழியே தண்ணீர் புகும், வெளியேற வழி இருக்காது. குழாயின் அடியில் இரு முனையிலும் வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

குடும்ப வண்டிக்கு எங்கள் தேர்வு தட்டையான அலுமினியப் பலகை. பாதம் முழுதாகப் பதிய 15 சென்டிமீட்டர் அகலம், வரி வெட்டிய மேல்பரப்பு. ஒரே சிக்கல், அலுமினியமும் இரும்பு போல்டும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள், மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை அதில் தடவுங்கள்.

மின்சாரத்தில் இறங்கி ஏறும் வகை தோட்டத்துக்கும் கட்டுமான இடத்துக்கும் போகிற வண்டிக்கு ஒத்துவராது. கீலில் சேறு இறுகினால் பாதியில் நின்றுவிடும்.

பொருத்தும்போது எல்லா போல்டையும் முதலில் கையால் மட்டும் சுற்றி, பலகையை மட்டம் பார்த்து, பிறகே இறுக்கவேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேர்வராது, மரை தேயும். கேபினில் உள்ள எம்8 (8 மில்லிமீட்டர்) மரைக்கு, காற்றழுத்தத்தில் இறுக்கும் ஏர்-கன் வேண்டாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், செட்டோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பட்டறையை விட்டுக் கிளம்புமுன் ஜாக்கை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள். பலகை இடித்தால், பாலத்தின் நடுவில் டயர் வெடிக்கும் நாளில் தவிக்க நேரும். 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்டையும் மறுபடி ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.