அக்சஸ் ஃபார்மில் எந்த கன்ட்ரோலுக்கு எவ்வளவு மார்க்

தகவல்களை டேபிள்களில் சேமிக்கும் மென்பொருளான மைக்ரோசாப்ட் அக்சஸில் ஃபார்ம் (பதிவு போடும் திரை) போட உட்கார்ந்தால், கன்ட்ரோல் வரிசையை, அதாவது ஃபார்மில் வைக்கும் பெட்டி, பட்டியல், கட்டம் போன்றவற்றைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும். நான் மார்க் போடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: நாள் முழுக்கப் பதிவு போடுகிறவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் இதைத் தாண்டிப் போக முடியுமா? அழகெல்லாம் அப்புறம்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் காம்போ பாக்ஸுக்குத்தான்: தட்டச்சும் செய்யலாம், விரியும் பட்டியலிலிருந்தும் எடுக்கலாம். வாடிக்கையாளர் எண், பெயர் என்று இரண்டு நெடுவரிசை வைத்து, முதல் நெடுவரிசையின் அகலத்தை 0 என்று கொடுத்துவிட்டால் போதும். திரையில் பெயர் தெரியும், டேபிளில் எண் போய் உட்காரும். இரண்டு மூன்று எழுத்து அடித்தால் மிச்சத்தை அதுவே நிரப்பும். டேப் விசையைத் தட்டிவிட்டு நகரலாம். பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எஃப்4. இல்லாத பெயரை அடித்தால் ‘நாட் இன் லிஸ்ட்’ நிகழ்வில் நாலு வரி கோட் எழுதி, புதியவரைச் சேர்க்கும் ஃபார்மை அங்கேயே திறந்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. பெயரின் தொடக்கத்தை வைத்துத்தான் தேடும். “நடுவுல எங்கேயோ ஏஜென்சின்னு வருமே” என்று நினைவு வைத்திருப்பவருக்கு அது உதவாது. அவருக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியலை மாற்றிக்கொடுக்கும் கோடை நாம்தான் எழுத வேண்டும்.

பெரிய தலைவலி வேறு. வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகைப் பொருள்கள் மட்டும் அடுத்த காம்போவில் வர வேண்டும் என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பதிவு மட்டும் காட்டும் தனி ஃபார்மில் சுலபம். பதிவுகளை வரிவரியாகக் காட்டும் கன்டினியூவஸ் ஃபார்மில் வைத்தால் வினை. அங்கே இருபது வரி தெரிந்தாலும் கன்ட்ரோல் ஒன்றுதான், அதன் பட்டியலும் ஒன்றுதான். இந்த வரிக்காகப் பட்டியலைப் ‘பெயின்ட்’ என்று சுருக்கியதும், ‘குழாய்’ வகை வரிகளில் பொருளின் பெயர் காணாமல் போகும். டேபிளில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்கிறவர் “சார், எல்லாம் அழிஞ்சு போச்சு” என்று ஓடி வருவார். இதற்கு நான் செய்வது: பொருளின் பெயரைக் குவெரியிலேயே (டேபிள்களிலிருந்து தகவலை எடுத்துத் தரும் கேள்வி) இணைத்து எடுத்து, காம்போவின் மேல் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸைப் (வெறும் எழுத்துப் பெட்டி) படுக்க வைத்து, கீழ் அம்புக்குறி மட்டும் வெளியே தெரிய விடுவேன். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் கர்சர் வந்தால் உடனே காம்போவுக்குத் தள்ளிவிடும். ஒட்டுவேலைதான், ஆனால் ஓடுகிறது.

டிக் போடும் செக் பாக்ஸ் எனக்குப் பிடிக்காது. அதன் கட்டத்தைப் பெரிதாக்க முடியாது என்பது சின்ன விஷயம். அது நிரப்பும் அக்சஸின் ‘எஸ்/நோ’ ஃபீல்டில் (டேபிளின் ஒரு புலம்) வெற்று மதிப்புக்கு இடமே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். ‘எஸ்எம்எஸ் அனுப்பலாமா’ என்று ஒரு கட்டம் வைத்தால், வேண்டாம் என்று சொன்னவரும் கேட்கப்படாதவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எண் ஃபீல்டு வைத்து ‘ஆம், இல்லை, கேட்கவில்லை’ என்று ஆப்ஷன் குரூப் (ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் பொத்தான் தொகுப்பு) போடுகிறேன். மூன்றும் கண்ணெதிரே இருக்கும், அம்புக்குறி விசையால் மாற்றலாம். ஆனால் அது எண்ணை மட்டும்தான் சேமிக்கும். இன்னொரு தேர்வு சேர்ந்தால் ஃபார்மையே பிரித்து வேலை செய்ய வேண்டும். காம்போ என்றால் டேபிளில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அதனால் இனி மாறவே மாறாது என்று தெரிந்த பட்டியலுக்கு மட்டும் ஆப்ஷன் குரூப்.

பட்டியலை எப்போதும் விரித்தே காட்டும் லிஸ்ட் பாக்ஸ் இடத்தை அடைக்கும். ரிப்போர்ட்டுக்கு நான்கைந்து கிளைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் திரையில் மட்டும் அதற்கு வேலை உண்டு.

தேதிக்கு 2007 பதிப்பிலிருந்து குட்டி காலண்டர் வருகிறது. எந்த வடிவில் அடிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் இன்புட் மாஸ்க் போட்டால் அது மறைந்துவிடும், அதனால் எனக்கு நஷ்டமும் இல்லை. கீபோர்டில் கன்ட்ரோல் (Ctrl) விசையும் அரைப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் இன்றைய தேதி வந்துவிடுகிறது. 5/3 என்று அடித்தால் நடப்பு ஆண்டை அதுவே சேர்த்துக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: நாள், மாதம் இடம் மாறினால் மட்டுமே அர்த்தம் வரும் தேதியை அது சத்தமில்லாமல் மாற்றி எடுத்துக்கொள்ளும். பில் தேதி எதிர்காலத்தில் விழுந்தால் தடுக்கும் ஒரு சோதனையை நான் எப்போதும் எழுதி வைப்பேன்.

ஒரே ஃபார்மைப் பல பக்கங்களாகப் பிரிக்கும் டேப் கன்ட்ரோல் நல்லது, அளவோடு. ஆறு டேப்பில் ஆறு சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம்) வைத்தால் ஃபார்ம் திறக்கும்போதே ஆறும் ஏறும், நெட்வொர்க்கில் இழுக்கும். டேப்பைத் தொட்ட பிறகு அந்த சப்ஃபார்மை ஏற்றினால் சரி.

பட்டியலை மரக்கிளைபோல் விரித்துக் காட்டும் ட்ரீ வியூ கேட்டால் மறுத்துவிடுகிறேன். அது வெளியிலிருந்து வரும் ஆக்டிவ்எக்ஸ், அதாவது அக்சஸுக்குள்ளேயே இல்லாத தனி மென்பொருள் துண்டு. 2010-இல் 64-பிட் ஆஃபீஸ் வந்தபோது அதற்கேற்ற பதிப்பே கூட வரவில்லை. இடது பக்கம் வகை, வலது பக்கம் பொருள் என்று இரண்டு லிஸ்ட் பாக்ஸ் வைத்துக் கொடுக்கிறேன், யாரும் திருப்பிக் கேட்டதில்லை.