ராம் சோதனை: விண்டோஸ் கருவியா, மெம்டெஸ்ட்86-ஆ, மெம்டெஸ்ட்86+-ஆ?

திடீர் திடீரென ப்ளூ ஸ்க்ரீன் வருகிறது, பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் பிழை காட்டுகிறது என்றால் மதர்போர்டை மாற்றக் கிளம்பும் முன் ராமை (கணினியின் தற்காலிக நினைவகம்) சோதித்துவிடுங்கள். மூன்று கருவிகளுமே இலவசம்தான்.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக். ஸ்டார்ட் மெனுவில் தேடினாலே கிடைக்கும், பென் டிரைவ் வேண்டாம். ஆனால் தானாக ஓடுவது ஸ்டாண்டர்டு சோதனை, அதுவும் 2 சுற்று மட்டுமே. எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' என்று மாற்றினால்தான் கொஞ்சமாவது பலன். இது பிழை சொன்னால் நம்பலாம். பிழை இல்லை என்றால் மட்டும் அதோடு விட்டுவிடாதீர்கள். சூடேறிய பிறகே தலைகாட்டும் பழுதுகள் இதன் கண்ணில் படாமலே போய்விடும்.

மற்ற இரண்டையும் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை பூட் செய்து (தொடங்கி) ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை, பெயர்க் குழப்பமும் அதனால்தான். மெம்டெஸ்ட்86 இப்போது பாஸ்மார்க் நிறுவனத்துடையது. இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நின்றுவிடும். செக்யூர் பூட்டை (அங்கீகாரமில்லாத மென்பொருளிலிருந்து கணினி தொடங்குவதைத் தடுக்கும் பாதுகாப்பு) அணைக்காமலே பூட் ஆகும் என்பது லேப்டாப்காரர்களுக்குப் பெரிய வசதி. முடிவை அறிக்கையாகச் சேமித்துக்கொள்ளலாம், வாரண்டி கேட்கும்போது கைகொடுக்கும். ஆனால் பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் உள்ள கணினியில் இதன் புதிய பதிப்புகள் ஓடாது.

மெம்டெஸ்ட்86+ ஓப்பன் சோர்ஸ். பல வருடம் தூங்கிக் கிடந்து, 2022-ல் 6.00 பதிப்பாகப் புதிதாக எழுதப்பட்டு வந்தது. பயாஸ், அதன் இடத்துக்கு வந்த புதிய யுஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடும். சுற்றுக்கு வரம்பே இல்லை, நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். செக்யூர் பூட் குறுக்கே நின்றால் அணைக்க வேண்டிவரும். அதற்கு முன் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸுக்குள்ளேயே போக முடியாமல் மாட்டிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப்புக்கு என் தேர்வு மெம்டெஸ்ட்86+தான். இரவு ஓடவிட்டுப் படுங்கள். காலையில் சிவப்பு வரிகள் தெரிந்தால் அதில் பிழை வந்த முகவரி, எழுதிய மதிப்பு, திரும்பி வந்த மதிப்பு மூன்றும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே முகவரி, அதே ஒரு பிட் (0 அல்லது 1) மட்டும் புரண்டிருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ராம் ஸ்டிக்கில் உள்ள சிப்தான் பழுது. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "ரெண்டு மூணுதானே" என்று விடுகிறவர்களின் ஃபைல்கள்தான் சத்தமில்லாமல் கெட்டுப்போகின்றன.

பிழை வந்ததும் ராமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். பிழை போய்விட்டால் சிக்கல் வேக அமைப்பில் இருக்கலாம். போகவில்லையா? பவரைத் துண்டித்து ஸ்டிக்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு, நன்றாக ஓடிய ஸ்டிக்கை மற்ற ஸ்லாட்டுகளில் மாற்றிப் பாருங்கள். பழுது ஸ்டிக்கிலா ஸ்லாட்டிலா என்பது அப்போது தெரிந்துவிடும்.