80,712 ரூபாய் போச்சு: கோடுக்கு ஏஐ டாக்குமென்டேஷன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மென்பொருள் கோடுக்கு (ப்ரோகிராமுக்கு) ஏஐ வைத்து டாக்குமென்டேஷன், அதாவது எது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கக் குறிப்பு, எழுதித் தரும் ஒரு தளத்தில் சந்தா கட்டி ஏமாந்தேன். கொஞ்ச நேரம் முன்னால்தான் அவர்களிடமிருந்து மெயில் வந்தது. "உங்கள் கோரிக்கை ரீஃபண்ட் பாலிசிக்குள் வராது" என்று ஒரே வரி. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடச் சந்தா 68,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 80,712 ரூபாய். ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டில் (நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்பீர்கள். இன்வாய்ஸில் எங்கள் ஜிஎஸ்டி நம்பரையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அதைத் திருத்தச் சொல்லி நான் போட்ட டிக்கெட் இன்னும் ஓபனாகவே கிடக்கிறது. நாலு பேர் வேலை செய்கிற ஆபீஸ் எங்களுடையது, கோயம்புத்தூரில். தனியார் பள்ளிகளுக்கு ஃபீஸ் வசூல் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். 80,712 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

பெயரைப் போடவில்லை, வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கிட்ஹப்பில் (கோடைச் சேமித்து வைக்கும் இணையதளம்) இருக்கிற கோடை இணைத்துவிட்டால் ஏஐ முழுவதையும் படித்து டாக்குமென்டேஷன் எழுதித் தரும், கோடு மாற மாற அதுவே புதுப்பித்துக்கொள்ளும் என்று விற்கிற தளங்களில் ஒன்று. இந்த வகையில் இப்போது ஏகப்பட்டது கிளம்பியிருக்கிறது.

எங்களுக்குத் தேவை உண்மையிலேயே இருந்தது. பைத்தான் மொழியில் ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க் வைத்து எழுதிய பழைய கோடு, பலர் கை மாறி வந்தது, எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது பெங்களூரில். பள்ளிகளுக்கு மொபைல் ஆப் செய்து தருகிறவர்கள் எங்கள் ஏபிஐயோடு (மற்ற ஆப்கள் எங்கள் சர்வரோடு பேசும் வழி) இணைக்க வேண்டும், அதற்கு டாக்குமென்டேஷன் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உட்கார்ந்து எழுத எங்களிடம் ஆள் இல்லை.

அந்த விற்பனைப் பையன் தமிழ்தான். முதல் கால் முடிவதற்குள் "சார்" போய் "அண்ணா" வந்துவிட்டது. திரையைப் பகிர்ந்து, எங்கள் கோடிலிருந்தே ஒரு ஃபைலை எடுத்து அங்கேயே ஓட்டிக் காட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அருமையாக வந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் விளக்கம், உதாரணம், என்ன எரர் வரும் என்ற பட்டியல் எல்லாம் இருந்தது. அதோடு ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் ஒரு பச்சை டிக், மவுஸை மேலே வைத்தால் "கோடுடன் சரிபார்க்கப்பட்டது" என்று காட்டும். "மத்த ஏஐ மாதிரி இது அடிச்சு விடாதுண்ணா, ஒவ்வொரு வரியையும் கோடுல செக் பண்ணிட்டுத்தான் டிக் போடும்" என்றான். அந்த டிக்கைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். அவன் எடுத்த ஃபைல் எது என்று பின்னால்தான் பார்த்தேன். எங்கள் கோடிலேயே முழுசாக டாக்ஸ்ட்ரிங் (கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) எழுதி வைத்திருந்த ஒரே ஃபைல் அது. இருந்ததையே திருப்பி எழுதிக் காட்டி 80,712 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் கோடில் தொகை எல்லாமே பைசாவில்தான் இருக்கும், சில பேமென்ட் கேட்வேக்கள் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவைகள்) பைசாவில் கேட்பதால் அப்போதே அப்படி வைத்துவிட்டார்கள். ஆனால் ஃபீல்டின் பெயர் வெறும் 'அமவுன்ட்'. நூறால் வகுப்பது எங்கேயோ ரசீது அச்சடிக்கிற டெம்ப்ளேட்டில் இருக்கிறது. ஏஐ எழுதியது: "அமவுன்ட், கட்டாயம், தொகை ரூபாயில்." பக்கத்தில் பச்சை டிக்.

ஆப் செய்கிறவர் அதை நம்பி 12500 என்று அனுப்பினார். எங்கள் சர்வர் அதைப் பைசாவாக எடுத்துக்கொண்டு பெற்றோருக்கு 125 ரூபாய்க்கு லிங்க் அனுப்பியது. பெற்றோர் விடுவார்களா? கட்டிவிட்டு 'டேர்ம் ஃபீஸ் செலுத்தப்பட்டது' என்று ரசீதும் எடுத்துக்கொண்டார்கள். பள்ளி கரஸ்பாண்டென்ட் எனக்கு போன் பண்ணி, "ஏன் தம்பி, எங்க ஸ்கூல்ல டேர்ம் ஃபீஸ் நூத்தி இருபத்தஞ்சு ரூபாய்னு யாரு முடிவு பண்ணது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது! மீதியை வாங்க பெற்றோர்களை மறுபடி கூப்பிட்டது பள்ளிக்கூடம், திட்டு வாங்கியது நாங்கள்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து தோண்டினால் எங்கும் இதே கதை. வெளி சர்வரைக் கூப்பிடுகிற இடத்தில் "30 வினாடியில் பதில் வராவிட்டால் டைம்அவுட் ஆகும்" என்று எழுதியிருக்கிறது. எங்கள் கோடில் டைம்அவுட் கொடுக்கவே இல்லை, பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி நாம் டைம்அவுட் கொடுக்காவிட்டால் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். எஸ்எம்எஸ் போகாவிட்டால் "இடைவெளியைக் கூட்டிக்கூட்டி 5 முறை மறுமுயற்சி செய்யும்" என்று இன்னொரு பக்கம் சொல்கிறது, அதை அனுப்புகிற செலரி டாஸ்க்கில் (பின்னணியில் ஓடும் வேலை) ரீட்ரை, அதாவது மறுமுயற்சி, என்ற ஒன்றே கிடையாது. செட்டிங்ஸ் பக்கத்தில் அழகாக ஒரு அட்டவணை, அதில் பாதி என்வைரன்மென்ட் வேரியபிள்கள் (கோடுக்கு வெளியே வைக்கும் செட்டிங்குகள்) எங்கள் கோடில் எந்த மூலையிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் பச்சை டிக் மட்டும் தவறாமல் இருக்கிறது.

இந்த ஏஐ மாடல்கள் வேலை செய்கிற விதமே அப்படித்தான். கண்ணுக்கு எட்டிய ஃபைலில் விவரம் இல்லை என்றால், உலகத்தில் இருக்கிற மற்ற ப்ராஜெக்ட்களில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை எழுதிவிடும். நல்ல கோடில் டைம்அவுட் இருக்கும், ரீட்ரை இருக்கும், அதனால் எங்கள் கோடிலும் இருக்கிறது என்று எழுதிவிட்டது. அது மாடலின் குணம், அதை விடுங்கள். சரிபார்த்தோம் என்று டிக் போட்டு விற்றது மனிதர்கள்தானே?

எரிச்சலின் உச்சம் இன்னொன்று. ரூபாய் என்றிருந்ததைக் கையால் பைசா என்று திருத்தினோம். அடுத்த முறை மாற்றிய கோடை கிட்ஹப்புக்குப் புஷ் பண்ணியதும் (ஏற்றியதும்) 'தானாகப் புதுப்பித்தல்' ஓடி மறுபடியும் ரூபாய் ஆக்கிவிட்டது.

புகார் செய்தேன். முதலில் "ரீஜெனரேட் கொடுத்துப் பாருங்கள்", அதாவது மறுபடி எழுத வையுங்கள் என்றார்கள். ஒவ்வொரு ரீஜெனரேட்டுக்கும் கிரெடிட் போகும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தப்பு வரும். அப்புறம் "உங்கள் கோடில் கமென்ட் போதவில்லை" என்றார்கள். கமென்ட் இருந்தால் நான் ஏன் ஐயா 80,712 ரூபாய் கொடுத்து உங்களிடம் வருகிறேன்? அண்ணா அண்ணா என்றவன் போனை எடுப்பதில்லை, வேறு டீமுக்கு மாறிவிட்டானாம். சப்போர்ட் சாட்டில் இருப்பதும் ஒரு பாட். அது தேன் ஒழுக மன்னிப்புக் கேட்டு, முழுப் பணமும் திரும்ப வரும் என்று உறுதி சொன்னது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், அது ஏஐ உதவியாளர் சொன்னது, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு மனிதர் பதில் எழுதுகிறார்!

ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்த வழக்கில், பாட் சொன்னதற்கும் நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அதையும் எழுதி அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. அதற்கடுத்து வந்ததுதான் முதலில் சொன்ன ஒரு வரி மெயில்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போகலாமே என்பவர்களுக்கு: தொழில் நோக்கத்துக்கு வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோராகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழிலாகச் செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாங்கள் அதற்குள் வருவோமா என்றுதான் வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி போன் வருகிறது, அவசரமாக இரண்டு மூன்று மட்டும். டெமோவுக்கு ஃபைலை நீங்கள் எடுத்துக் கொடுங்கள், இருப்பதிலேயே மோசமானதாக. ஏஐ எழுதிக் கொடுத்ததில் வருகிற ஒவ்வொரு செட்டிங் பெயரையும் கிட் கிரெப் (கோடு முழுவதிலும் ஒரு சொல்லைத் தேடும் கமாண்ட்) வைத்துத் தேடுங்கள். தொகை, நேரம், ரீட்ரை இந்த மூன்றையும் கோடு தெரிந்த ஒரு ஆள் பார்க்காமல் வெளியே கொடுக்காதீர்கள். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம். மாதச் சந்தாவிலும் 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், பேங்க் ஆப்பில் போய் மேன்டேட்டை (தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை) நீங்களே ரத்து பண்ணிவிடுங்கள். கிட்ஹப் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதியையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், கணக்கை மூடினோம், அதுவும் போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.