சிறு நல்கையா, கூட்டு நிதியா? புதிய படைப்பைத் தொடங்கும் கலைஞருக்கு எது பொருந்தும்

கைவிடப்பட்ட பட்டறைகளில் எஞ்சிக் கிடக்கும் கைக்கருவிகளைப் பற்றிய லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும்) அச்சோவியத் தொடர் ஒன்றை அண்மையில் செய்து முடித்தேன். தனிக் கலைஞர்களின் புதிய முயற்சிகளுக்கென்றே உள்ளூர் அளவில் வழங்கப்படும், திருப்பித் தர வேண்டாத ஒரு சிறு நல்கையிலிருந்து அதற்கான பணம் வந்தது. அதற்கு முந்தைய ஓவியத் தொகுப்பை இணையவழியில் பலரிடம் சிறு தொகைகளாகக் கூட்டு நிதி திரட்டித்தான் அச்சிட்டிருந்தேன். இரண்டு வழிகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டதால், இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் சாய்வு நல்கையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேட்டபடி ஊதியத்துக்குச் செய்து தரும் ஒப்பந்தப் பணியையும், கலைஞர் சில காலம் வேறிடத்தில் தங்கிப் படைக்க இடம் தரும் உறைவிடத் திட்டத்தையும் சுருக்கமாகவே தொடுகிறேன். இரண்டிலும் எனக்கு ஒருமுறை அனுபவம்தான் உண்டு.

எளிதில் விளங்கும் வேறுபாடுகளை முதலில் கடந்துவிடலாம். நல்கைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், நடுவர் குழுவின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். கூட்டு நிதியில் நடுவர் இல்லை. ஆனால் நம்மை ஏற்கெனவே அறிந்தவர்களின் வட்டம் எவ்வளவு பெரிதோ பெரும்பாலும் அவ்வளவே பணமும் சேரும். 2009இல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில், குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுவதும் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். சேர்ந்த பிறகும் 5 விழுக்காடு தளத்தின் கட்டணமாகவும், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமாகவும் கழியும். நல்கையில் இத்தகைய பிடித்தம் இல்லை. ஆயினும் பல இடங்களில் நல்கைத் தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுகிறது என்பதால், விண்ணப்பிக்கும்போதே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. படைப்பு பாதி வழியில் வேறொன்றாக மாறினால் யாரிடம், எந்த அளவுக்கு, எவ்வளவு விரைவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே தீர்மானித்தது. ஏற்கெனவே முடிந்த படைப்பை அச்சிடுவதற்கோ காட்சிப்படுத்துவதற்கோ பணம் தேடுபவருக்கு இந்தக் கேள்வி எழாது. புதிய படைப்பைத் தொடங்குபவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்றே நான் கருதுகிறேன். புதிதாக ஒன்றைச் செய்யும்போது, தொடக்கத்தில் நாம் எழுதிக் கொடுத்த திட்டம் ஓர் ஊகமே. வேலைக்குள் இறங்கிய பின்னர்தான் பொருள் தன் உண்மையான வடிவத்தைக் காட்டத் தொடங்கும்.

என் தொடரில் நடந்ததைச் சொல்கிறேன். இருபத்து நான்கு அச்சோவியங்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். கருவிகளை வரைவதற்காகப் பழைய தொழிலாளர்களைச் சந்தித்தபோது, குறிப்பெடுக்கும் வசதிக்காக மட்டும் அவர்களின் பேச்சைப் பதிவு செய்துவைத்தேன். ஒரு முதியவர், கைப்பிடி தேய்ந்துபோன இழைப்புளியைக் கையில் வாங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு, பெருவிரலால் அந்தத் தேய்மானத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மரத்தில் தோல் உரசும் அந்த மெல்லிய ஓசை பதிவில் தெளிவாக விழுந்திருந்தது. அன்றிரவு அதைத் திரும்பக் கேட்டபோது, நான் செதுக்கி முடித்திருந்த ஏழு அச்சோவியங்களும் அந்த அரை நிமிட ஓசைக்கு ஈடாகவில்லை என்பது புரிந்தது. அச்சோவியங்களை ஒன்பதாகக் குறைத்து, மீதி உழைப்பை ஓர் ஒலிப்படைப்புக்குத் திருப்புவதே சரி என்று முடிவு செய்தேன்.

நல்கையின் கீழ் அந்த மாற்றத்திற்கு ஒரு பக்கக் கடிதமும், திருத்திய வரவுசெலவுப் பட்டியலும் போதுமானவையாக இருந்தன. தாள், மை என்ற தலைப்புகளில் இருந்த தொகையின் ஒரு பகுதியை ஒலிப்பதிவுக் கருவியின் வாடகைக்கும், ஒலித்தொகுப்பாளரின் ஊதியத்திற்கும் மாற்றிக் கேட்டேன். நல்கையைக் கவனித்துக்கொண்ட அலுவலர் இரண்டு கேள்விகள் கேட்டார்: மொத்தத் தொகை மாறுகிறதா, பேசியவர்களிடம் எழுத்துமூல ஒப்புதல் பெற்றிருக்கிறேனா? நான்காம் நாள் அனுமதி வந்தது. இரண்டாவது கேள்வி எனக்கு ஒரு பாடமாகவும் அமைந்தது. அதுவரை வாய்மொழி ஒப்புதலே போதும் என்று நினைத்திருந்தேன்.

இதே மாற்றத்தைக் கூட்டு நிதியில் செய்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. செய்வதன் விலை வேறு. முந்தைய தொகுப்பின்போது நான் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் நூற்று நாற்பது பேர். அவர்களில் சிலருக்கு நூல், சிலருக்கு அஞ்சலட்டைத் தொகுதி, சிலருக்குக் கையொப்பமிட்ட அச்சுப்படி என வாக்களித்திருந்தேன். நூலின் அகலத்தை இரண்டு அங்குலம் கூட்டினால் இரட்டைப் பக்க ஓவியங்கள் நன்றாக அமையும் என்று தெரிந்தபோது, அஞ்சல் செலவும் ஏற்கெனவே அறிவித்த அளவும் குறுக்கே நின்றன. பழைய அளவிலேயே அச்சிட்டேன். இன்றும் அந்நூலைப் பிரிக்கும்போது, நடு மடிப்புக்குள் மறைந்துபோன கோடுகளே என் கண்ணில் முதலில் படுகின்றன. ஆதரவாளர்கள் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அவர்கள் காட்டிய அன்பு இன்றும் நினைவில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் பணம் கொடுத்தது நான் விவரித்துக் காட்டிய ஒரு பொருளுக்கு; அந்த விவரிப்பு ஏறத்தாழ ஓர் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. வாக்களித்த வெகுமதியைக் கொடுத்துத் தீர வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரின் விதிமுறைகளும் சொல்கின்றன.

இந்தச் சுமை எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் மாலிக், கிக்ஸ்டார்ட்டரின் வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை சொன்ன தேதிக்குப் பின்னரே வெகுமதிகளை அனுப்பியதாகக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் எல்லா வகைத் திட்டங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, வெகுமதியையே வழங்கத் தவறியவை 9 விழுக்காடு என்று தெரியவந்தது. அதாவது பெரும்பாலோர் நேர்மையாகவே கொடுத்துத் தீர்க்கிறார்கள். ஆனால் அதற்காகக் கூடுதல் காலத்தைத் தங்கள் படைப்பு நேரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். பொதி கட்டுவதிலும் முகவரி ஒட்டுவதிலும் எனக்கு ஐந்து வாரங்கள் போயின.

நல்கையிலும் எழுத்துவேலை உண்டு. இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை, ரசீதுகள், நல்கையாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டிய இடங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் எனக்கு ஆறு நாள் வேலை. ரசீதுகளை அன்றன்றே கோப்பில் போட்டுவைத்தால் இது இன்னும் குறையும். சில நல்கைகள் இதைக்கூடக் கேட்பதில்லை. 2009இல் பாஸ்டனில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷனின் கிளைகள் பலவற்றில், பத்துப் பேர் தலைக்கு நூறு டாலர் போட்டு மாதந்தோறும் ஒருவருக்கு ஆயிரம் டாலரை நிபந்தனையின்றிக் கொடுத்துவிடுகிறார்கள். தொகை சிறிதுதான், ஆனால் பாதியில் மனம் மாறும் உரிமை முழுதாகக் கலைஞரிடமே இருக்கிறது.

ஒப்பந்தப் பணியில் ஊதியம் பொதுவாக இவற்றைவிட நன்றாக இருக்கும், ஆனால் மாற்றத்திற்கு இடம் மிகக் குறைவு. நான் செய்த ஒரே சுவரோவியத்தில், ஒப்புதல் பெற்ற வரைவிலிருந்து ஒரு நிறத்தை மாற்றுவதற்கே மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. உறைவிடத் திட்டங்கள் நேர்மாறானவை. அமெரிக்காவில் 1907இல் தொடங்கப்பட்ட மெக்டவல் போன்ற இடங்களில் தனியிடமும் அமைதியும் கிடைக்கும், இறுதியில் இதைக் கொடு என்று யாரும் கேட்பதில்லை. எனினும் வீட்டில் பொறுப்புகள் உள்ளவர்கள் வாரக்கணக்கில் வெளியே தங்குவது எளிதல்ல. மேலும் என்னுடையதைப் போல் ஊருக்குள் இருக்கும் மனிதர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய படைப்புக்கு, ஊரைவிட்டுப் போகும் ஏற்பாடு பொருந்தாது என்றே தோன்றுகிறது.

நல்கையின் குறைகளில் ஒன்று மிகவும் வலிக்கக்கூடியது. சில நல்கைகளில் செலவு செய்து ரசீது காட்டிய பிறகே பணம் வரும். கையில் முதல் இல்லாத கலைஞருக்கு இது கதவைச் சாத்துவதற்குச் சமம். எனக்குக் கிடைத்ததில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் பெரும்பகுதியும், இறுதி அறிக்கைக்குப் பின் மீதியும் தந்தார்கள். அப்படி இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையின் சாய்வே மாறியிருக்கக்கூடும். ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன் தவணை முறையைப் பாருங்கள். அடுத்து, கலைஞரின் சொந்த ஊதியத்தைச் செலவுப் பட்டியலில் சேர்க்க அனுமதி உண்டா என்றும், திட்டத்தை மாற்றுவது பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மாற்றம் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் விண்ணப்பிக்கும் முன்னரே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுப் பணத்தை நம்பியிருக்கும் நல்கைகள் நிலையானவை என்றும் எண்ணிவிட முடியாது. அமெரிக்காவில் 1965இல் உருவான தேசியக் கலை நிதியம், 1990களின் நடுப்பகுதியில் நாடாளுமன்றத்தின் கட்டுப்பாட்டால், இலக்கியம் போன்ற ஒருசில விலக்குகள் தவிரத் தனிக் கலைஞர்களுக்கு நேரடியாக வழங்கிவந்த நல்கைகளை நிறுத்த நேர்ந்தது. அந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்பும் நோக்கத்தோடுதான் 1999இல் கிரியேட்டிவ் கேப்பிட்டல் என்ற தனியார் அமைப்பு தோன்றியது. நல்கை கிடைக்கும் ஆண்டில் விண்ணப்பித்துவிடுவதே அறிவு.

இப்போது அந்த ஒன்பது அச்சோவியங்களையும் எழுத்தாக்கம் செய்த பேச்சுகளையும் சேர்த்து ஒரு சிறு நூலாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். அதற்குக் கூட்டு நிதியைத்தான் நாடப்போகிறேன். பக்கங்கள், அளவு, தாள் எல்லாம் முடிவாகிவிட்டன. மாதிரிப் படியும் கட்டி வந்துவிட்டது. இந்த முறை அகலத்தை இரண்டு அங்குலம் கூட்டித்தான் கட்டச் சொன்னேன். பக்கங்கள் நடு மடிப்புவரை தட்டையாக விரிகின்றன. வெகுமதியாக நூல் ஒன்றை மட்டுமே அறிவிப்பேன், அஞ்சலட்டைகள் கிடையாது.