பர்ஸின் வளையங்கள்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஓ.எம்.ஆரில் மென்பொருள் சோதனை வேலை எனக்கு. நிபந்தனைகள் பின்னிக்கொள்ளும்போதெல்லாம் தாளை எடுத்து வளையம் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 1896 வாக்கில் உருவாக்கத் தொடங்கிய, தர்க்கத்தைப் படமாக வரையும் எக்சிஸ்டென்ஷியல் கிராஃப்ஸ் முறை இது. முழுக் கூற்றுகளை ‘இல்லை’, ‘உம்’, ‘அல்லது’ போன்றவற்றால் இணைக்கும் கூற்றுத் தர்க்கத்துக்கு, அதன் முதல் பகுதியான ஆல்ஃபா போதும்.

விதிகள் எளிமையானவை. தாளில் ஒரு கூற்றை எழுதினால் அது உண்மை என்று பொருள். அருகருகே எழுதினால் எல்லாமே உண்மை. சுற்றி வளையம் போட்டால் உள்ளே இருப்பது மறுக்கப்படுகிறது. ‘-ஆல்’ (‘கொட்டினால்’ என்பதில் வருவது), ‘அல்லது’ இரண்டுக்கும் தனிக் குறி கிடையாது.

“மழை கொட்டினால் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும்.” இதை வரைய, பெரிய வளையத்துக்குள் ‘மழை’ என்று எழுதி, அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன வளையம் போட்டு அதில் ‘தண்ணீர்’ என்று எழுத வேண்டும். வெளியிலிருந்து உள்ளே விதிப்படி படித்தால், “மழை கொட்டியும் தண்ணீர் நிற்காமல் இருப்பது என்பது கிடையாது.” ஆனால் அதே படத்தை “மழை இல்லை, அல்லது தண்ணீர் நிற்கும்” என்றும் படிக்கலாம். “தண்ணீர் நிற்கவில்லையா, அப்படியானால் மழை கொட்டவில்லை” என்றும் படிக்கலாம். குறியீடுகளில் எழுதினால் இவை மூன்றும் வேறு வேறு வாக்கியங்கள். சமம் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். இங்கே படம் ஒன்றுதான். படத்தை ‘இல்லை’, ‘உம்’ இரண்டை மட்டும் வைத்துப் படிப்பதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. பல வாசிப்புகளுக்கு இடம் கொடுப்பதே இதன் பலம் என்று தத்துவவாதி சுன்-ஜூ ஷின் 2002இல் வெளியான நூலில் வாதிட்டார். என் அனுபவமும் அதுதான்.

முடிவுக்கு வருவதும் அழகு. வெளியே ‘மழை’ என்று தனியாக எழுதுங்கள். வெளியே இருப்பதன் நகல் உள்ளே இருந்தால் அழிக்கலாம் என்பது விதி. பெரிய வளையத்திலிருக்கும் ‘மழை’ போய்விடும். இப்போது தண்ணீரைச் சுற்றி இரட்டை வளையம் மட்டும் நிற்கும். இரண்டு வளையங்களுக்கும் இடையில் ஒன்றும் இல்லாததால் அந்த இரட்டை வளையத்தையும் எடுத்துவிடலாம். தண்ணீர் நிற்கிறது! எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு தம்பி, “அண்ணா, இதுல ‘அல்லது’ எங்க இருக்கு?” என்று கேட்டான். பெரிய வளையத்துக்குள் இரண்டு சின்ன வளையம் போட்டு, ஒன்றில் ‘ரயில்’, இன்னொன்றில் ‘பஸ்’ என்று எழுதிக் காட்டினேன். இரண்டும் இல்லை என்பது கிடையாது, ஏதாவது ஒன்றாவது உண்டு. சரி என்று உடனே பிடித்துக்கொண்டான்.

குறையும் உண்டு. ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்ற வகைக் கூற்றுக்கு ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது. நான்கைந்து வளையம் ஆழமாகப் போனால் கண் குழம்பும். எத்தனை வளையத்துக்குள் இருக்கிறோம் என்பது முக்கியம்: இரட்டைப்படை இடத்தில் இருப்பதை அழிக்கலாம், ஒற்றைப்படை இடத்தில் புதிதாகச் சேர்க்கலாம். பர்ஸே பின்னாளில் செய்ததுபோல ஒற்றைப்படை இடங்களைப் பென்சிலால் நிழலிட்டுக்கொள்ளுங்கள், தவறு வெகுவாகக் குறையும். அப்புறம், சக ஊழியருக்கு போனில் அனுப்ப வளையத்துக்குப் பதில் அடைப்புக்குறிதான் போட முடிகிறது. விதிகள் அப்போதும் செல்லும், ஆனால் ஒரே பார்வையில் பல விதமாகப் படிக்கிற வசதி போய்விடுகிறது.